வலிப்பு நின்ற பிறகு வரும் சில நிமிடங்கள்

வலிப்புள்ள பிள்ளையை வளர்க்கும் மட்டக்களப்புத் தாய்மாரிடம் எதற்குப் பயம் என்று கேட்டால் தண்ணீரைத்தான் சொல்வார்கள். கிணற்றடிக்குத் தனியே விடமாட்டார்கள். வாவிப் பக்கம் கால் வைத்தால் வீடே கத்தும். நியாயமான பயம்தான். ஆனால் பகல் முழுக்கக் காவல் இருந்தவர்கள், பிள்ளை படுத்துத் தூங்கியதும் 'அப்பாடா, இனி ஒன்றுமில்லை' என்று விளக்கை அணைத்துவிடுகிறார்கள். இரவைப் பற்றி அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

வலிப்பு நோய் உள்ளவர் தண்ணீரிலும் மூழ்காமல், அடியும் படாமல், பெரும்பாலும் தூக்கத்தில் திடீரென இறந்துபோவது உண்டு. பிரேதப் பரிசோதனையிலும் வேறு காரணம் அகப்படாது. மருத்துவர்கள் இதைச் 'சூடெப்' என்கிறார்கள். பயந்துவிடாமல் இருக்க எண்ணைச் சொல்லிவிடுகிறேன். 2017ஆம் ஆண்டு அமெரிக்க நரம்பியல் மருத்துவர்களின் வழிகாட்டியில் உள்ள கணக்குப்படி, வலிப்புள்ள பிள்ளைகள் 4500 பேரில் ஒருவருக்கு ஓர் ஆண்டில் இது நேரலாம். பெரியவர்களில் 1000 பேருக்கு ஒருவர். பிறகு கனடாவிலும் சுவீடனிலும் எண்ணிப் பார்த்தபோது பிள்ளைகளின் கணக்கும் 1000க்கு ஒன்றை ஒட்டித்தான் வந்தது. எப்படிப் பார்த்தாலும் அரிது.

ஆனால் இந்த ஆபத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் இல்லை. உடம்பு முழுக்க விறைத்து, கைகால் உதறி, நினைவு தப்பும் பெரிய வலிப்புத்தான் முக்கியமான காரணி. ஆண்டுக்கு மூன்று தடவைக்கு மேல் அப்படி வந்தால் ஆபத்து பல மடங்கு கூடுகிறது. சில விநாடி வெறித்துப் பார்த்துவிட்டுப் பழையபடி விளையாடப் போகும் பிள்ளைக்கு மிகக் குறைவு. காய்ச்சலோடு வந்துபோகும் சாதாரண வலிப்பு இந்தப் பேச்சிலேயே சேராது.

அந்த இரவில் நடப்பது என்ன? வலிப்பின்போது மூளையின் கலங்கள் கூட்டமாக ஒரே நேரத்தில் மின்துடிப்பை வெளிவிடுகின்றன. அது நின்றதும் மேல்மூளை சிறிது நேரம் அடங்கிப்போகிறது. வலிப்புக்குப் பிறகு பிள்ளை எழுப்பினாலும் எழும்பாமல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிலரில் இந்த அடக்கம் கீழே மூளைத்தண்டு வரைக்கும் போய்விடுவதாகக் கருதப்படுகிறது. மூச்சை நடத்தும் மையம் அங்கேதான் இருக்கிறது. காபனீரொட்சைட்டு இரத்தத்தில் கூடினால் அதை உணர்ந்து, ஆளைத் தட்டி எழுப்பி, தலையைத் திருப்ப வைக்கும் நரம்புக்கலங்களும் அங்கேதான். நம் முகம் தலையணைக்குள் புதைந்தால் தூக்கத்திலேயே திரும்பிப் படுத்துவிடுகிறோம். அந்தக் கலங்கள் அடங்கிக் கிடக்கும் பிள்ளை, குப்புறக் கிடந்தால், திரும்பாது.

இது வெறும் ஊகமல்ல. வலிப்பைப் பதிவு செய்யும் வைத்தியசாலைப் பிரிவுகளில், கருவிகள் பொருத்தியிருந்தபோதே நடந்த 16 மரணங்களை ஆராய்ந்த பன்னாட்டு ஆய்வு ஒன்று 2013இல் வெளிவந்தது. பதிவுகள் முழுமையாக இருந்தவர்களில் ஒரே வரிசைதான் தெரிந்தது: பெரிய வலிப்பு, வேகமான மூச்சு, பிறகு மூச்சு நின்றது, அதன் பின்தான் இதயம். பெரும்பாலும் இரவில், குப்புறக் கிடந்த நிலையில். அதே ஆய்வில், இப்படி மூச்சும் இதயமும் நின்றும் உயிர் தப்பிய வேறு சிலருக்குச் சில நிமிடங்களுக்குள் உதவி கிடைத்திருந்தது.

அப்படியானால் பக்கத்தில் ஆள் இருந்தால்? சுவீடனில் 2020இல் வெளியான ஆய்வில், பெரிய வலிப்பும் வந்து தனி அறையிலும் தூங்கியவர்களுக்கு, இரண்டும் இல்லாதவர்களைவிட ஆபத்து 67 மடங்கு. இந்த இடத்தில் நம் வீட்டு வழக்கம் கைகொடுக்கிறது. ஒரே நுளம்பு வலைக்குள் அம்மாவோடோ அம்மம்மாவோடோ பாயில் படுக்கும் பிள்ளைக்கு இரவுக் காவல் தானாகவே அமைந்துவிடுகிறது. 'வளர்ந்திட்டான், தனியப் படுக்கட்டும்' என்று அவசரப்படத் தேவையில்லை.

அதைவிடப் பெரிய காவல் குளிசை. பெரிய வலிப்பு வராமல் இருப்பதுதான் இங்கே எல்லாமே. 'ஆறு மாதமாக வரவில்லையே' என்று பாதியில் நிறுத்துவதும், வைகாசிச் சடங்குக்கோ கதிர்காமப் பாதயாத்திரைக்கோ போகும்போது மருந்தை வீட்டில் விட்டுவிடுவதும்தான் எனக்குக் கவலை. இரவெல்லாம் கூத்துப் பார்த்துத் தூக்கம் கெட்டாலே சில பிள்ளைகளுக்கு வலிப்பு வரும். மருந்தும் தவறினால் சொல்ல வேண்டியதில்லை. நோன்புக் காலத்தில் மருந்து நேரத்தை மாற்ற நினைக்கும் காத்தான்குடி, அக்கரைப்பற்று வீடுகள் முன்கூட்டியே டொக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மரணத்தைப் பற்றிப் பெற்றோரிடம் பேசினால் உடைந்துபோவார்கள் என்று மருத்துவர்கள் பலர் தயங்குகிறார்கள். பல நாடுகளில் கேட்டுப் பார்த்தபோது, தெரிந்துகொள்ளத்தான் வேண்டும் என்றே பெரும்பாலான பெற்றோர் சொன்னார்கள். 2017 வழிகாட்டியும் சொல்லத்தான் சொல்கிறது. நம் கிளினிக் நெரிசலில் முதல் நாளே இதையெல்லாம் பேச முடியாது, ஒத்துக்கொள்கிறேன். இரண்டாம் தடவை போகும்போது நீங்களே கேட்கலாம்: "டொக்டர், இவனுக்கு வாறது எந்த வகை வலிப்பு? ராவில என்ன கவனிக்கோணும்?"

அப்புறம், வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம். மணிக்கூட்டைப் பாருங்கள். உதறல் அடங்கியதும் பக்கவாட்டில் திருப்பி, முகத்தருகே இருக்கும் தலையணையை எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நின்ற பிறகு மூச்சு சீராக இல்லாவிட்டாலோ 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். மூச்சே இல்லாவிட்டால், அம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்தியும் வாயோடு வாய் வைத்து ஊதியும் முதலுதவி செய்ய வேண்டும். வீட்டில் ஒருவராவது அதைப் பழகி வைத்திருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும், பிள்ளை கண் விழித்துப் பேசும்வரை பக்கத்தை விட்டு எழும்ப வேண்டாம்.