அம்மா சொன்னதை விக்கிப்பீடியாவில் எழுத முடியாது, அதை முதலிலேயே சொல்லுங்கள்

இன்னொரு அழைப்பிதழ் வந்திருக்கிறது. மகளிர் தினம், கல்லூரிக் கணினி ஆய்வகம், 60 மாணவிகள், காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை, ஆளுக்கொரு விக்கிப்பீடியா கட்டுரை, கடைசியில் சான்றிதழ். கூடவே அந்த வழக்கமான வரி: "இதுவரை யாரும் எழுதாத தங்கள் கதையை மாணவிகள் தாங்களே எழுதுவார்கள்." பல வருடமாகப் பயிலரங்கு எடுக்கிறவள் நான். இந்த வரியைப் பார்த்தாலே இப்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது.

போன முறை நடந்தது இது. ராமநாதபுரம் மாவட்டம், கல்லூரிப் பெயர் வேண்டாம். ஏற்பாடு வேறு ஆட்கள், நான் மதியத்துக்கு மேல்தான் போய்ச் சேர்ந்தேன். பாம்பன் பக்கத்து மாணவி ஒருத்தி, அவள் அம்மா கடலில் பாசி எடுப்பவர். "உனக்குத் தெரிந்ததை எழுது" என்று சொல்லியிருக்கிறார்கள், அவளும் நம்பி எழுதினாள். போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவிடம் கேட்டுக் கேட்டு: மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பாறை கிழிக்காமல் இருக்க விரலில் துணி சுற்றுவது, கச்சான் காற்று அடிக்கிறபோது எந்தப் பக்கம் தண்ணீர் தெளிவாக இருக்கும் என்பது வரை. நடுவில் அந்த அம்மா, "வெறும் மரிக்கொழுந்துன்னு போட்டுறாத, தலையில வைக்கிறதுன்னு நினைச்சுருவாங்க" என்று அதட்டியது அறை முழுக்கக் கேட்டது. (ஒரே பெயருள்ள இரண்டைக் குழம்பாமல் பிரித்துக் காட்டும் இந்த வேலைக்கு விக்கியில் பக்கவழி நெறிப்படுத்தல் என்று பெயர். எங்களுக்கு அது பிடிபடவே ஒரு வருடம் ஆகும்.)

அன்றிரவே கட்டுரை நீக்கப்பட்டது. காரணம், மேற்கோள் (தகவல் எங்கே அச்சாகியிருக்கிறது என்று சுட்டும் குறிப்பு) இல்லை. நீக்கியவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரே மாலையில் நாற்பது அரைகுறைக் கட்டுரைகளைக் கொண்டுபோய்க் கொட்டினால், அண்மைய மாற்றங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று தன்னார்வலர்கள் வேறென்ன செய்வார்கள்? கோபமெல்லாம் கூட்டிவந்த நம் மேல்தான். மறுநாள் அவளிடமிருந்து செய்தி: "நாங்க எழுதினா எடுத்துருவாங்களா மேடம்?"

சரி, எத்தனையாவது முறையோ தெரியவில்லை, மறுபடி சொல்கிறேன். விக்கிப்பீடியா நமக்குத் தெரிந்ததை எழுதும் இடம் கிடையாது. நமக்குச் சம்பந்தமில்லாத யாரோ ஒருவர், நம்பத்தகுந்த ஓரிடத்தில், ஏற்கனவே அச்சிட்டு வைத்ததை, இன்ன இடத்தில் இருக்கிறது என்று சுட்டிக்காட்டி எழுதும் இடம். உங்கள் அம்மா சொன்னது செல்லாது. பேராசிரியர் வகுப்பில் சொன்னதும் செல்லாது. கல்லூரியின் சொந்த இணையதளம், அறக்கட்டளையின் கையேடு, இதெல்லாம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. கனடா இயற்பியலாளர் டோனா ஸ்டிரிக்லேண்ட் 2013இல் அமெரிக்காவின் ஒளியியல் சங்கத்துக்குத் தலைவராகவே இருந்தவர். ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு வந்த அவரைப் பற்றிய வரைவு, சுதந்திரமான ஆதாரங்கள் போதவில்லை என்று 2018 மே மாதம் திருப்பி அனுப்பப்பட்டது. அந்த அக்டோபர் 2ஆம் தேதி அவருக்கு இயற்பியல் நோபல் அறிவித்தபோதுகூட அவரைப் பற்றி ஒரு பக்கம் இல்லை. அவருக்கே அந்தக் கதி.

அப்படியென்றால் அச்சில் ஏறாதவர்கள் யார்? நீங்கள் "பிரதிநிதித்துவம் குறைந்தோர்" என்று அழைப்பிதழில் போடுகிறீர்களே, அவர்கள்தான். அச்சு இல்லாதவரைக் கூப்பிட்டு, அச்சு இருந்தால் மட்டுமே செல்லும் இடத்தில் உட்காரவைத்து, உன் கதையை எழுது என்கிறோம். 2011இல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் ஆலோசனைக் குழுவில் இருந்த அச்சல் பிரபாலா இதற்கு ஒரு வழி தேடினார்: மக்களிடம் பேசிப் பதிவுசெய்து, அந்தப் பதிவையே மேற்கோளாகத் தருவது. மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்க மொழியான செபேடி மூன்றிலும் செய்து பார்த்தார்கள். அது பரவலாக ஏற்கப்படவில்லை. அதே ஆண்டு எடுத்த கணக்கெடுப்பில் விக்கிமீடியா தொகுப்பாளர்களில் பெண்கள் ஏறத்தாழ 9 சதவீதம். 2015க்குள் 25 ஆக்குவோம் என்று அந்த அறக்கட்டளை இலக்கு வைத்தது, எட்டவில்லை. தலை எண்ணிக் கூட்டம் சேர்த்தால் எட்டவும் எட்டாது.

நடத்தியே தீருவேன் என்பவர்களுக்கு: ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளில் ஆறு கணக்குதான் தொடங்க முடியும். ஏழாவது மாணவிக்குப் பிழைச் செய்தி வந்த பிறகு எனக்குப் போன் செய்யாதீர்கள், முன்னாடியே வீட்டில் தொடங்கி வரச் சொல்லுங்கள். பயனர் பெயராகச் சொந்தப் பெயரையும் பதிவெண்ணையும் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், தொகுப்பு வரலாறு காலத்துக்கும் பொதுவில் கிடக்கும், அதில் சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. முதல் நாளில் புதுக் கட்டுரை வேண்டவே வேண்டாம். இருக்கிற கட்டுரையில் ஒரு வாக்கியம், அதற்கு ஒரு மேற்கோள், போதும். ஆதாரம் தேடுவது உங்கள் வேலை, பத்திரிகை நறுக்கு, ஆய்வறிக்கை எல்லாம் முந்தைய வாரமே எடுத்து வையுங்கள். பெண் என்றால் பெண்களைப் பற்றி, மீனவர் என்றால் மீனைப் பற்றி என்று தலைப்புப் பிரித்துக் கொடுப்பதையும் நிறுத்துங்கள், பாசி எடுப்பவர் மகள் கிரிக்கெட் பற்றி எழுதக் கூடாதா? எழுத யோசிக்கிறவரை, பழைய நூல்களை எழுத்தாக்கி வைக்கும் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்க உட்காரவையுங்கள் (மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு, பார்த்தது மஞ்சள்), சிவப்பாக இருந்த பக்கம் தன் கையால் மஞ்சளாவதைப் பார்த்துவிட்டு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ராத்திரி பதினொன்றுக்கு எனக்குத் திரைப்பிடிப்பு அனுப்பினார். அப்புறம் ஒன்று, இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: நிகழ்ச்சி முடிந்து ஒரு மாதமாவது, அவர்களுடைய பேச்சுப் பக்கத்தில் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கட்டும்.

அந்த மாணவியோடு மறுபடி ஒரு நாள் உட்கார்ந்தேன். பக்கத்து மண்டபம் ஊரில் மையம் வைத்திருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தேடினால் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து எல்லாம் உள்ளூர்ப் பெயரோடு இருக்கிறது. சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் லட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுகளின் சூழலைக் காக்கும் அமெரிக்க அமைப்பான சீகாலஜியின் விருது கிடைத்த செய்தியும் கிடைத்தது. "இதெல்லாம் எங்க பாட்டிகிட்ட கேட்டுத்தானே எழுதியிருப்பாங்க?" என்றாள். ஆமாம் என்றேன், வேறென்ன சொல்ல?

இப்போது அந்தக் கட்டுரை மூன்று பத்தி, ஐந்து மேற்கோளோடு நிற்கிறது. அம்மா துணி சுற்றிய விரல்களோடு பாசியைப் பிடித்திருக்கும் படத்தை, அவரிடம் கேட்டுவிட்டு, விக்கியின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் அவளே ஏற்றினாள். கச்சான் காற்றுப் பத்திக்கு மட்டும் இன்னும் ஆதாரம் கிடைக்கவில்லை. அது அவளுடைய மணல்தொட்டியில், அதாவது எழுதிப் பார்க்கும் வரைவுப் பக்கத்தில், இருக்கிறது.