விதி தெரியும், கை கேட்காது

மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரக்கட்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தாள். அந்த வழியாக ஓடிய பையனின் கால் பட்டுக் கோபுரம் சரிந்தது. அடுத்த நொடி அவள் கையிலிருந்த கட்டை அவன் தோளில் இறங்கியது. இறங்கும்போதே அவள் வாய் சொன்னது: "அடிக்கக் கூடாது!" அதை அவனிடம் சொன்ன மாதிரித் தெரியவில்லை. தனக்கே சொல்லிக்கொண்டாள்.

அந்த மழலையர் பள்ளியில் ஓரமாக உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு தாய், "பாத்தீங்களா, தெரிஞ்சே செய்யறா" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. அவளுக்கு விதி தெரியும். தெரிந்ததைக் கையிடம் கொண்டு சேர்க்க வேண்டிய பாதைதான் இன்னும் போட்டு முடியவில்லை.

இதை மிகச் சுலபமான ஒரு சீட்டு விளையாட்டு காட்டிவிடும். உளவியலாளர் பிலிப் ஸெலாஸோவும் அவருடைய குழுவினரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு அது. முயல், படகு என்பது போல இரண்டு உருவங்கள். சிவப்பு, நீலம் என்பது போல இரண்டு நிறங்கள். முதலில் நிறம் பார்த்துச் சீட்டுகளைப் பிரிக்கச் சொன்னால் மூன்று வயதுக் குழந்தை சரியாகப் பிரிக்கும். பிறகு, "இப்போது நிறம் வேண்டாம், உருவம் பார்த்துப் பிரி" என்றால் பெரும்பாலான மூன்று வயதுக் குழந்தைகள் பழையபடி நிறத்தையே பிடித்துக்கொண்டு பிரிப்பார்கள். "இந்த ஆட்டத்தில் முயல் எங்கே போகணும்?" என்று கேட்டால் மட்டும் சரியான பெட்டியைக் காட்டுவார்கள். காட்டிய கையோடு சீட்டைத் தப்பான பெட்டியில் போடுவார்கள். ஐந்து வயதுக்குள் பெரும்பாலானவர்களுக்கு இந்தச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது.

தொடங்கிய செயலை நிறுத்துவது, ஒரு விதியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது, பொறுத்திருப்பது ஆகிய மூன்றுக்கும் நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையின் முன்பகுதிதான் பெரிதும் பொறுப்பு. மூளையில் கடைசியாக முதிரும் பகுதிகளில் அதுவும் ஒன்று. இருபது வயதைத் தாண்டியும் வேலை நடந்துகொண்டே இருக்கும். கோபத்தையும் பயத்தையும் கிளப்பும் பகுதிகளோ முன்னதாகவே இயங்கத் தொடங்கிவிடுகின்றன. வண்டிக்கு எஞ்சின் வந்துவிட்டது, பிரேக் பின்னால் வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே "எத்தனை தடவை சொல்வது" என்ற புலம்பலுக்குப் பதில்: நிறையத் தடவை. எப்படிச் சொல்கிறோம் என்பதும் கணக்கில் வரும். சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா சிறு பிள்ளைகள் கையில் ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்துச் சோதித்தார். "அழுத்தாதே" என்று சொன்னால் மிகச் சிறியவர்கள் கையை எடுக்காமல் இன்னும் அழுத்தினார்கள் என்று அவர் எழுதினார். பின்னால் செய்த சோதனைகள் எல்லாவற்றிலும் அதே விடை வரவில்லை. ஆனாலும் அனுபவமுள்ள டீச்சர்கள் "ஓடாதே" என்று கத்துவதைவிட "மெதுவா நடந்து வா" என்பார்கள். முதலாவதில் எதைச் செய்வது என்பதைக் குழந்தையே கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாவதில் அது கைக்கே வந்துவிடுகிறது.

அடிப்பதும் கடிப்பதும் வளர்ப்பு சரியில்லாததன் அடையாளம் என்று பலர் உள்ளுக்குள் கூசிப் போகிறார்கள். மான்ட்ரியால் ஆய்வாளர் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளேயும் அவரோடு சேர்ந்தவர்களும் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்ததில், கைகலப்பு உச்சத்தில் இருக்கும் வயது ஏறத்தாழ 2 முதல் 4 வரை. அதன்பின் பெரும்பாலானவர்களிடம் குறைகிறது. அடிப்பதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, அடிக்காமல் இருப்பதைத்தான் கற்க வேண்டும் என்பதே அவர் வாதம்.

அழுது புரளும் அடத்துக்கும் ஒரு போக்கு உண்டு. மைக்கேல் பொடேகலும் ரிச்சர்ட் டேவிட்சனும் பெற்றோரின் விவரிப்புகளைத் திரட்டி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், முக்கால்வாசி அடங்கள் 5 நிமிடத்துக்குள் முடிந்திருந்தன. உதைப்பதும் கத்துவதும் தொடக்கத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய் இறங்குகின்றன. முடிவை நெருங்க நெருங்க மடியைத் தேடுவது கூடுகிறது. உச்சத்தில் நின்று நியாயம் பேசினால் காதில் ஏறாது. பக்கத்தில் இருந்து, அடிபடாமல் பார்த்துக்கொண்டு, குறைவாகப் பேசிக் காத்திருக்கலாம். குழந்தை தன்னை அடக்கப் பழகுவதே, அடங்கிய பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதுதான். அந்த நேரத்தில் நமக்கு அடங்குவதுதான் கஷ்டம், அது வேறு கதை.

பொறுமைக்கு வருவோம். மார்ஷ்மெல்லோ என்ற மிட்டாய் ஒன்றைத் தின்னாமல் காத்திருந்தால் இரண்டாவது கிடைக்கும் என்ற பழைய சோதனையைப் பலர் அறிவார்கள். 2013-இல் செலஸ்ட் கிட் என்பவரின் குழு அதற்கு முன்னால் ஒரு சிறு காட்சியைச் சேர்த்தது. 28 குழந்தைகள். "இருங்கள், இதைவிட நல்ல வரைபொருள் கொண்டுவருகிறேன்" என்று பெரியவர் போகிறார். பாதிப் பேரிடம் சொன்னபடி கொண்டுவந்தார். மீதிப் பேரிடம், "மன்னிக்கணும், இல்லை" என்று வெறுங்கையோடு வந்தார். பிறகு மிட்டாய்ச் சோதனை. வாக்குக் காப்பாற்றப்பட்டவர்கள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம்தான். ஏமாந்த குழந்தை பொறுமையற்றது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறது. "உன் முறை அடுத்து" என்று சொல்லிவிட்டு மறந்துபோகும் வகுப்பில் வரிசையில் நிற்கச் சொன்னால் எந்தக் குழந்தை நிற்கும்?

பரிசாகத் தரும் ஸ்டிக்கர், நட்சத்திரம் பற்றி ஒரு வார்த்தை. ஏற்கனவே ஆசையாகப் படம் வரையும் பிள்ளைகளிடம் "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள், 1973-இல் மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும். ஒன்றிரண்டு வாரம் கழித்து அந்தப் பிள்ளைகள் தாமாக வரைந்த நேரம் மற்றவர்களுடையதில் பாதிதான். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. பிடிக்காத வேலையைத் தொடங்கிவைக்கப் பரிசு உதவலாம். பிடித்த வேலைக்குக் கூலி பேசாமல் இருப்பது மேல்.

அந்தச் சிறுமியின் டீச்சர் அன்று யாரையும் திட்டவில்லை. அடிபட்டவனை முதலில் மடியில் எடுத்துக்கொண்டார். அவளிடம், "கோபுரம் விழுந்துச்சு, கோபம் வந்துச்சு. அடிச்சா வலிக்கும். 'என் கோபுரம்'னு சொல்லு" என்று மட்டும் சொன்னார். மதியம் கட்டை விளையாட்டை நடைவழியிலிருந்து எடுத்து மூலைக்கு மாற்றினார். சண்டைகளில் பாதி அதிலேயே போய்விடும் என்றார்.

சில வாரம் கழித்துப் போனபோது மறுபடி யாரோ இடித்தார்கள். அவள் கை கட்டையோடு மேலே போனது. போன கை அங்கேயே நின்றது. "என் கோபுரம்!" என்று காது கிழியக் கத்தினாள்.

டீச்சர் ஓடிவந்தார், சிரித்துக்கொண்டே.