பூத்திருக்கும் பட்டர்ஃப்ளை செடிக்குத் தொட்டி மாற்றலாமா?

"பூ நிறைய இருக்கு சார், ஆனா தொட்டி சின்னதாயிடுச்சு. இப்பவே மாத்திடலாமா, பூ முடியட்டும்னு விடணுமா?" சென்னையில் கொளத்தூர், பெரம்பூர், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று மாடித் தோட்டப் பராமரிப்புக்குப் போகும் வீடுகளில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. தொட்டி மாற்றுவது என்று நாம் சொல்வதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்றைப் பூத்திருக்கும்போதும் செய்யலாம். இன்னொன்றைச் செய்யவே கூடாது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு செய்வதால்தான் பாதிச் செடிகள் மொட்டு கொட்டி, இலை சுருண்டு போகின்றன.

முதலில் எந்தச் செடி என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். இங்குள்ள நர்சரிகளில் பட்டர்ஃப்ளை என்று விற்பது பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ரோத்தெக்கா. வெளிர் நீலத்தில் நான்கு இதழ், அடர் நீலத்தில் ஒரு இதழ், மீசை மாதிரி வளைந்து நீளும் மகரந்தத் தாள்கள் என்று பூவே வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் இருக்கும். பழைய புத்தகங்களில் கிளெரோடெண்ட்ரம் என்று போட்டிருக்கும். யூடியூபில் பட்டர்ஃப்ளை புஷ் என்று தேடினால் வருவதோ பட்லியா. சீனாவின் மலைப் பகுதிச் செடி, நீண்ட கூம்பாகக் கொத்துப் பூ. பிரிட்டனில் ரயில் தண்டவாள ஓரமெல்லாம் களையாக வளர்ந்து கிடக்கிறது. குளிர்காலம் முடிந்ததும் தரையிலிருந்து ஓரடி விட்டு மொட்டையாக வெட்டு, வசந்தத்தில் தொட்டி மாற்று என்பதெல்லாம் அதற்கான அறிவுரை. நமக்குக் குளிர்காலமும் இல்லை, வசந்தமும் இல்லை. மார்ச்சில் அப்படி வெட்டி வேரையும் கலைத்துவிட்டால், அது தேறுவதற்குள் கத்திரி வெயில் வந்துவிடும். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி குளிர்ந்த ஊர்களுக்கு பட்லியா சரி. கடலோரப் புழுக்கத்தில் அதை வைத்துக்கொண்டு கஷ்டப்பட வேண்டாம் என்பது என் கருத்து. ரோத்தெக்காவே நமக்குப் போதும். கீழே சொல்வதெல்லாம் அதற்கானது.

இப்போது அந்த இரண்டு வேலைகள். வேரைச் சுற்றியுள்ள தாய்மண் உடையாமல் செடியை அப்படியே எடுத்துச் சற்றுப் பெரிய தொட்டியில் இறக்கி, சுற்றிலும் புதுக்கலவை போடுவது முதல் வேலை. இதைப் பூ இருக்கும்போதே செய்யலாம். வேர் அறுபடுவதில்லை என்பதால் செடிக்குப் பெரிதாக எதுவும் நடக்காது. வேர்க்கட்டியைக் கலைத்து, சுற்றியிருக்கும் வேரை வெட்டி, பழைய மண்ணை உதிர்த்து நடுவது இரண்டாவது. இதில் தண்ணீரை உறிஞ்சும் நுண்வேர்கள் பெருமளவு போய்விடும். மேலே இலையும் பூவும் வழக்கம்போல் ஆவியாக்கிக்கொண்டே இருக்க, கீழே வரத்து பாதியாகிவிடும். செடி முதலில் உதிர்ப்பது மொட்டைத்தான். அதனால் இந்த வேலைக்குப் பூ முடியட்டும். அல்லது பூத்த கிளைகளை மூன்றில் ஒரு பங்கு கவாத்து செய்துவிட்டு ஆரம்பியுங்கள். புதுத் தளிரின் நுனியில் பூக்கிற செடி இது, கவாத்து அதற்கு நஷ்டமே இல்லை. ஆனால் வாங்கி வந்த அன்றே, கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கிற செடியைக் கத்தரிக்க யாருக்கும் மனசு வருவதில்லை!

எந்த வேலை தேவை என்பதை வேரைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும், தொட்டியின் அளவைப் பார்த்து அல்ல. காலையில் ஊற்றிய தண்ணீர் மாலைக்குள் வற்றி இலை தொங்குகிறது, அடித்துளையில் வேர் எட்டிப் பார்க்கிறது, தண்ணீர் ஊற்றியதும் ஓரமாக வழிந்து உடனே கீழே வந்துவிடுகிறது என்றால் தொட்டி நிறைந்துவிட்டது. தொட்டியைச் சாய்த்து, தண்டைப் பிடித்து இழுக்காமல், அடியில் தட்டிச் செடியை வெளியே எடுத்துப் பாருங்கள். வேர் வெள்ளையாக, உறுதியாக, லேசாகச் சுற்ற ஆரம்பித்திருந்தால் முதல் வேலை போதும். பாய் முடைந்த மாதிரி அடியில் பின்னிக் கிடந்தாலோ, பழுப்பாகக் குழைந்து நாற்றம் வந்தாலோ இரண்டாவதுதான் வழி. அழுகியிருந்தால் மட்டும் பூவைப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. அன்றே வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டும்.

நர்சரிப் பையில் இன்னொரு சிக்கல் உண்டு. சென்னைக்கு வரும் அலங்காரச் செடிகளில் பல ஆந்திராவின் கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வருபவை. நான் பிரித்துப் பார்த்த பைகளில் பெரும்பாலும் கெட்டியான களிமண் உருண்டைதான் இருக்கும். அதை அப்படியே வைத்து, சுற்றிலும் பொலபொலவென்று கோகோபீட் (தென்னை நார்த்தூள்) கலவையைப் போட்டால், ஊற்றும் தண்ணீர் பொலபொல மண் வழியாகவே இறங்கிப் போய்விடும். மேலே ஈரமாக இருக்கும், நடுவில் உருண்டை காய்ந்து கிடக்கும். "தினமும் ஊத்துறேன், ஆனா வாடுதுங்க" என்று சொல்லும் வீடுகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பூ இருக்கும் செடியென்றால் உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிட்டு, வெளிப்பக்கத்தை மட்டும் விரலால் இளக்கிவிடுங்கள். மேலிருந்து கீழாக நாலு இடத்தில் லேசாகக் கீறினாலும் போதும், வேர் வெளியே வரப் பாதை கிடைக்கும். உள்ளே கை வைக்க வேண்டாம்.

புதுத் தொட்டி பழையதைவிட இரண்டு முதல் நான்கு அங்குலம் அகலமாக இருக்கட்டும். எட்டு அங்குலத்திலிருந்து நேராகப் பதினெட்டுக்குத் தாவினால், வேர் எட்டாத மண்ணெல்லாம் நனைந்தபடியே கிடந்து புளித்துப்போகும். அடித்துளைமேல் ஒரு ஓட்டுச் சில்லோ வலைத்துண்டோ போதும். மூன்று அங்குலத்துக்கு ஜல்லி நிரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது நம்பிக்கைதான். பொடி மண்ணிலிருந்து தண்ணீர் ஜல்லிக்குள் தானாக இறங்காது, மேலே உள்ள மண் முழுக்க நனைந்து நிரம்பிய பிறகே இறங்கும். ஜல்லி போட்டதால் ஈரச் சேறு வேருக்கு மூன்று அங்குலம் கிட்டே வந்ததுதான் மிச்சம். கொசப்பேட்டையில் வாங்கும் மண்தொட்டி இந்தச் செடிக்கு எனக்குப் பிடித்தது, வேர் மூச்சுவிடும். கறுப்பு குரோபேக் மே மாத வெயிலில் உள்ளே கொதிக்கும், ஓரத்து வேர் வெந்துவிடும்.

கலவைக்குச் செம்மண் ஒரு பங்கு, கழுவிய கோகோபீட் ஒரு பங்கு, மண்புழு உரமோ நன்கு மக்கிய தொழுவுரமோ ஒரு பங்கு, இவற்றோடு கொஞ்சம் ஆற்று மணல். இதில் விட்டுவிடக் கூடாதது கோகோபீட்டைக் கழுவும் வேலை. கோகோபீட்டில் சோடியமும் பொட்டாசியமும் உப்பாக இருக்கும். இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்தால்தான் போகும். காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் சிலர் கடல் மணலை அள்ளி வந்து கலக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஆற்று மணல் விலையைப் பார்த்து எம்-சாண்ட் போடுபவர்களும் உண்டு. அதிலுள்ள கல்தூள் தண்ணீரில் இறுகிவிடும், போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் சலித்துத் தூளை நீக்கிவிட்டுப் போடுங்கள். பச்சை வேப்பம்புண்ணாக்கை நடும்போது வேருக்கடியில் கொட்டாதீர்கள், மக்கும்போது சூடு கிளம்பும். ஒரு வாரம் முன்பே கலவையில் ஒரு கைப்பிடி சேர்த்து ஈரத்தில் வைத்துவிட்டால் சரி.

மண்ணுக்கு இவ்வளவு பார்த்துவிட்டுத் தண்ணீரில் கோட்டை விடுகிறோம். வட சென்னையின் கடலோரத்தில் போர்த் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது பல ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-இல் தொடங்கியது, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்டது. அதிலிருந்து மெட்ரோ வாட்டர் வருகிற வீடுகள் வேர் பிடிக்கும் வரையாவது அதையே ஊற்றலாம். வேர் அறுபட்ட செடிக்கு உப்புத் தண்ணீர் இரட்டை அடி. மண்ணில் ஈரம் இருந்தும் உப்பு அதை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் வேரால் உறிஞ்ச முடியாது. இலை விளிம்பு கருகுவது அதன் அடையாளம், தொட்டி ஓரத்தில் வெள்ளைப் படிவு இன்னொன்று. ஆர்ஓ இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரை வீணாக்க வேண்டாமே என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். வீட்டில் போர்த் தண்ணீர் என்றால் அது இன்னும் அடர்த்தியான உப்புத் தண்ணீர்தான், அதில் வாசலைக் கழுவுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது, பிடித்து வைத்து ஊற்றலாம்.

காலம் என்று பார்த்தால் பொங்கல் முடிந்து பிப்ரவரி வரை, அப்புறம் கத்திரி தணிந்த ஜூன் மத்தியிலிருந்து ஆகஸ்ட் வரை. ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். நவம்பர், டிசம்பரில் மழையே எதிரி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தொட்டிகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. அந்தச் சமயம் வேர் வெட்டிய செடி இருந்தால் அழுகலுக்கு அழைப்பு விட்ட மாதிரிதான்.

நாலரை மணிக்கு மேல் வேலையை ஆரம்பியுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குறிப்பாகச் சர்க்கரை நோய் உள்ளவர்கள், மழைக்காலத்து ஈரமண்ணில் வெறுங்கையோடு, கையில் காயத்தோடு இறங்க வேண்டாம். மெலியாய்டோசிஸ் என்ற கடுமையான தொற்று அப்படி மண்ணிலிருந்து வரக்கூடியது. செடியின் கழுத்து, அதாவது தண்டும் வேரும் சேரும் இடம், முன்பு இருந்த மட்டத்திலேயே இருக்கட்டும், தண்டைப் புதைக்காதீர்கள். மேலே ஒன்றரை அங்குலம் இடம் விட்டு, அடியில் வடியும்வரை தண்ணீர் ஊற்றி, பத்து நாள் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள். தொட்டியைச் செங்கல்மேல் தூக்கி வையுங்கள். தட்டு வைத்தால் தேங்கும் நீரை அவ்வப்போது கொட்டிவிடுங்கள், டெங்கு கொசுவுக்கு அது போதும்.

ராயபுரம், மண்ணடிப் பக்கம் தேக்கு உத்திரம் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நனைந்த பன்னிரண்டு அங்குலத் தொட்டி இருபது, இருபத்தைந்து கிலோ வரும். நடு மாடியில் கூட்டமாக வைக்காமல், கீழே சுவர் தாங்கும் ஓரங்களில் வையுங்கள்.

மாற்றிய பிறகு மதியத்தில் இலை தொங்கி, இரவில் நிமிர்ந்தால் கவலை இல்லை. மண் ஈரமாக இருந்தும் காலையிலேயே தொங்கினால் மேலும் தண்ணீர் ஊற்றாதீர்கள். உறிஞ்ச வேர் இல்லாத செடியை நாம் மூழ்கடிப்பது இப்படித்தான். நிழலில் வைத்து, கொஞ்சம் இலையைக் குறைத்துவிட்டுப் பொறுத்திருங்கள். டிஏபி, பூக்கும் உரம் எல்லாம் புதுத்தளிர் விட்ட பிறகு, மூன்று நான்கு வாரம் கழித்து. கவாத்து செய்த கிளைகளில் பென்சில் பருமன் உள்ளவற்றை ஆறு அங்குலத் துண்டாக வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளி, ஈரமான கோகோபீட்டில் செருகிவிடுங்கள். இந்தச் செடி தண்டிலிருந்தே வேர்விடும். பெரிய செடிக்கு எது ஆனாலும் கையில் ஒன்றிரண்டு இருக்கும்.