ரசம் எப்படி வைப்பீங்கன்னு கேட்டுப் பாருங்கள்

"நல்லாத்தான் பேசுறாங்க, மறதி மட்டும்தான்" என்றார், அம்மாவை அழைத்து வந்த மகள். நான் பேச்சு மொழி சிகிச்சையாளர், அதனால் தேதி, கிழமை எல்லாம் கேட்பதற்கு முன்னால் அம்மாவிடம், ரசம் எப்படி வைப்பீங்கம்மா என்று கேட்டேன். "அதை ஊற வெச்சு, கரைச்சு, அப்புறம் அதுல இதெல்லாம் போட்டு, இது பண்ணி எறக்க வேண்டியதுதான்" என்று சரளமாகச் சொன்னார். இலக்கணத்தில் ஒரு பிழை இல்லை. ஆனால் புளி இல்லை, மிளகு இல்லை, தாளிப்பு என்ற சொல்லே வரவில்லை.

அல்சைமர் என்ற மறதிநோயின் தொடக்கத்தில் பெரும்பாலும் இப்படித்தான். வாக்கியம் நிற்கும், பெயர்ச்சொற்கள் நழுவும். குடும்பத்தார் ஏமாந்துபோவதும் இதனால்தான்.

பேச்சை வைத்தே இதைக் கண்டறிய கணினிக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். இந்த ஆய்வுகளில் அதிகம் பயன்படுவது 1972-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு சோதனையின் படம்: பையன் ஸ்டூலில் ஏறி பிஸ்கட் திருடுகிறான், அம்மா தட்டு துடைக்கிறாள், தொட்டியில் தண்ணீர் வழிகிறது. அதைப் பார்த்து மனதில் பட்டதைச் சொல்ல வேண்டும். அப்படிச் சேர்ந்த பதிவுகளில் பெரும்பகுதி ஆங்கிலம். 2023-இல் ஆங்கிலப் பேச்சில் பழக்கிய முறைகளைக் கிரேக்கம் பேசுகிறவர்களிடம் சோதிக்கும் போட்டி நடந்தது, 2024-இல் ஆங்கிலத்தோடு சீனமும் சேர்ந்தது. நல்ல முயற்சி. இடைநிறுத்தம், பேச்சு வேகம் போன்றவற்றை எந்த மொழியிலும் அளக்கலாம். சொற்களை எண்ணும் அளவுகோல் அப்படி மொழி விட்டு மொழி போகாது. ஆங்கிலத்தில் 'அவன்', 'அது' கூடினால் அது நோயின் ஓர் அடையாளம், தமிழிலோ 'வந்தான்' என்றாலே யார் என்பது வினைமுற்றில் இருக்கிறது, அவனைத் தனியாகச் சொல்லவே தேவையில்லை. நம் மொழியில் நான் காது கொடுப்பது 'அந்த இது', 'இது பண்ணி' போன்ற வெற்றுச் சொற்களுக்கு. அதையும் நாம் எல்லோரும்தான் சொல்கிறோம், எனவே உங்கள் வீட்டுப் பெரியவரைப் பக்கத்து வீட்டுப் பாட்டியோடு ஒப்பிடாதீர்கள், அவருடைய சொந்தப் பழைய பேச்சோடு ஒப்பிடுங்கள். வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசுகிறவரிடம் அந்த மொழியிலேயே கேளுங்கள், தமிழில் தடுமாறுவதை நோய் என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா (அல்சைமர் போன்ற மறதிநோய்கள்) இருக்கலாம் என்பது 2023-இல் வெளியான கணிப்பு. ஆனால் பேச்சு மாறினாலே டிமென்ஷியா என்று பயந்துவிடவும் வேண்டாம். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, காது மந்தம் எல்லாமே பேச்சையும் நினைவையும் மந்தமாக்கிக் காட்டும், இவற்றைச் சரிசெய்ய வழி இருக்கிறது. வயசானா இப்படித்தான் என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டச் சொல்வது இதற்காகத்தான்.

அந்த மகளிடம் பழைய குரல் பதிவு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். வாட்ஸ்அப்பில் தேடி எடுத்தார், மூன்று வருஷத்துக்கு முந்தையது. மல்லி இவ்வளவு, துவரம்பருப்பு ஒரு கைப்பிடி, வெந்தயம் கருகிடாமப் பாத்துக்கோ என்று சாம்பார்பொடிக்கு அம்மா வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். மகள் அதை இரண்டு தடவை போட்டுக் கேட்டார். அடுத்த வாரமே மருத்துவரைப் பார்த்தார்கள், அந்தப் பதிவையும் கொண்டுபோய்.