நடு வீதியில் ஏன் ஓட்டை போடுகிறோம்?

ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட, காப்பெற் (சூட்டுத் தார்க் கலவை) போட்டு இரண்டு நாள்கூட ஆகாத வீதியில், சோதனைக்குத் துண்டெடுக்கத் துளைத்துக்கொண்டிருந்தோம். சைக்கிளை நிறுத்திய ஒரு ஐயா, "இப்பதானே தம்பி ரோட்டுப் போட்டவங்கள், அதுக்குள்ள ஓட்டை போடுறியளே?" என்றார். நியாயமான கேள்வி. வெட்டியெடுத்த வட்டத் துண்டைக் கையில் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "தார் காணாது போல" என்றார்.

வன்னியில் வீதி கெட்டால் எல்லோரும் சொல்வது இதுதான். பாதிதான் சரி. தார் கூடினாலும் வீதி கெடும். ஆய்வுகூடத்தில் தாரோடு சேர்த்து நாங்கள் தேடுவது காற்றை. இறுக்கிய கலவைக்குள் 3 முதல் 5 சதவீதம் வெற்றிடம் வேண்டும். வெயிலில் தார் விரியும்போது அதற்கு ஒதுங்க இடம் வேண்டாமா? இல்லாவிட்டால் மேலே கசிந்து மினுங்கும், மணல் டிப்பர் ஓடும் தடம் அப்படியே பள்ளமாகும்.

இதைப் பார்க்கத்தான் மார்ஷல் சோதனை. கலவையை அச்சில் போட்டு, பாரவாகனம் ஓடும் வீதியென்றால் ஒவ்வொரு பக்கமும் நாலரைக் கிலோச் சுத்தியலால் 75 தரம் அடிப்போம். பிறகு 60 பாகை வெந்நீரில் அரை மணித்தியாலம் போட்டு நெரித்துப் பார்ப்போம். ஏன் 60 பாகை? சித்திரை மத்தியானம் தார் வீதியில் வெறுங்காலோடு நடந்தவருக்கு விளக்கம் தேவையில்லை. தாரை அரைச் சதவீதமாகக் கூட்டிக்கூட்டிச் செய்தால், உறுதி ஏறிப்போய் ஓரிடத்தில் திரும்பி இறங்கும்.

சரி, கலவை தேறிவிட்டது. வீதி? 150 பாகையில் புறப்பட்ட கலவை வழியில் காத்துக்கிடந்து ஆறிவிட்டால், ரோலர் எத்தனை தரம் ஓடினாலும் இறுகாது. போட்ட வீதியில் வெற்றிடம் 8 சதவீதத்தைத் தாண்டினால் துளைகள் ஒன்றோடொன்று இணைந்துவிடும். அப்புறம் கார்த்திகை மழைக்கு வழி திறந்த மாதிரித்தான். சிலிக்கா கூடிய கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீரில்தான் விருப்பம்; தண்ணீர் புகுந்தால் தாரை விட்டுவிடும். சுண்ணாம்புக்கல் தாரை நன்றாகப் பிடிக்கும், ஆனால் தேய்ந்துபோகும். அதனால் மாதிரிகளை ஊறவைத்துப் பிளந்து பார்க்கிறோம். உலர்ந்ததன் பலத்தில் 80 சதவீதமாவது மிஞ்ச வேண்டும். நாள் பிடிக்கும், இதை விடுவம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

துளைத்த துண்டைக் காற்றிலும் தண்ணீரிலும் நிறுத்தால் இறுக்கம் தெரிந்துவிடும். அறிக்கையை 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நீங்களும் கேட்கலாம். கேட்கும்போது துண்டு எங்கே வெட்டியது என்றும் கேளுங்கள். நடுவில் வெட்டியது பெரும்பாலும் நன்றாகவே வரும். பக்கத்துப் பக்கத்தில் போட்ட இரண்டு பட்டிகள் சேரும் பொருத்திலும் ஓரத்திலும்தான் கள்ளம் பிடிபடும்.

ஐயா போகவில்லை. "உந்த ஓட்டையை மூடுவியளோ?" என்றார். சூட்டுக் கலவையை நிரப்பி இடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று, காலால் ஒருதரம் மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் சைக்கிளில் ஏறினார்.