அப்டேட் போட்டாச்சு, ஆனால் ஓடுவது எந்த லைப்ரரி?

கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஒரு கடையின் லினக்ஸ் சேர்வரைப் பார்க்கப் போயிருந்தேன். "அண்ணை, ஓப்பன்எஸ்எஸ்எல் அப்டேட் போன கிழமையே போட்டிட்டன்" என்றார் அங்கே கணினி பார்க்கும் தம்பி. ஓப்பன்எஸ்எஸ்எல் என்பது இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் லைப்ரரி, அதாவது பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல்தொகுப்பு. தம்பி சொன்னது உண்மைதான், வட்டில் புதிய கோப்பு இருந்தது. ஆனால் சேர்வரை இரண்டு மாதமாக நிப்பாட்டவேயில்லை.

ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் லினக்ஸ் ஓர் இலக்கம் கொடுக்கும். ப்ரொக் அடைவில் அந்த இலக்கத்துக்குள் மேப்ஸ் என்றொரு கோப்பு உண்டு. நிரல் இந்தக் கணத்தில் ஏற்றி வைத்திருக்கும் லைப்ரரிகள் அதில் வரிவரியாகத் தெரியும். வெப் சேர்வரின் மேப்ஸைத் திறந்தோம். ஓப்பன்எஸ்எஸ்எல்லின் கோப்பான லிப்எஸ்எஸ்எல் வரியின் கடைசியில் 'டிலீற்றட்' (அழிக்கப்பட்டது) என்று நின்றது. தம்பியின் முகம் மாறிவிட்டது.

அப்டேட் பழைய கோப்பின் பெயரைத்தான் அகற்றும். அதைப் பிடித்திருக்கும் நிரல் நிற்கும்வரை பழைய லைப்ரரி நினைவகத்தில் உயிரோடு இருக்கும், அதன் பாதுகாப்பு ஓட்டையும் கூடவே இருக்கும். 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிவந்தபோது 1.0.1ஜி பதிப்பில் திருத்தம் வந்தது. அதை நிறுவியும் வெப் சேர்வரை ரீஸ்ராட் பண்ணாதவர்களுக்கு அந்தத் திருத்தத்தால் பயனில்லை.

பலர் எல்டிடி கட்டளையோடு திருப்திப்படுகிறார்கள். அது நிரலை இனித் தொடங்கினால் எவை ஏறும் என்பதைத்தான் சொல்லும். ஓடும்போது இடையில் டிஎல்ஓப்பன் என்ற அழைப்பின் மூலம் ஏற்றுபவை அதில் வராது. நம்பிக்கையில்லாத கோப்பில் எல்டிடியைப் போடவே வேண்டாம், சில வேளை அந்தக் கோப்பே இயங்கிவிடும்.

எந்த லைப்ரரி எதைக் கூட்டி வருகிறது என்பதும் முக்கியம். 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (இரகசிய நுழைவழி) அகப்பட்டது. தொலைவிலிருந்து சேர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் நேரடியாக எக்ஸ்இசட்டைக் கேட்பதில்லை. சில லினக்ஸ் வெளியீடுகளில் லிப்சிஸ்டம்டி என்ற இன்னொரு லைப்ரரி வழியாக அது உள்ளே வந்தது. லொகின் அரைச் செக்கன் பிந்துவதைக் கவனித்துத்தான் மென்பொருள் உருவாக்குநர் அன்ட்ரெஸ் ஃபிரொயின்ட் அதைக் கண்டுபிடித்தார்.

கடை பூட்டின பிறகு ரீஸ்ராட் பண்ணினோம். வெப் சேர்வரில் 'டிலீற்றட்' மறைந்தது. பிறகு பில் போடும் நிரலின் மேப்ஸையும் பார்த்தோம். அது தன் அடைவுக்குள்ளேயே பழைய லிப்எஸ்எஸ்எல் பிரதியொன்றை வைத்திருந்தது, சிஸ்டம் அப்டேட் அதை எட்டாது. நிரலை எழுதியவர்களுக்கு அன்றிரவே மின்னஞ்சல் போட்டோம். புதிய பதிப்பு வரும்வரை அதை இணையத்திலிருந்து துண்டித்து, கடை நெற்வேக்கில் மட்டும் ஓட விட்டிருக்கிறோம்.