ஊசியில் ஏற்றும் செல் தண்டுவட நரம்பாகிவிடுமா?

சென்ற மாதம் பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தந்தை வேலூரில் எங்கள் மறுவாழ்வுப் பிரிவுக்கு வந்திருந்தார். புளி உலுக்க மரமேறிய அவருடைய 22 வயது மகன் தவறி விழுந்து, மார்புப் பகுதியில் தண்டுவடம் நசுங்கி, இரண்டு கால்களும் செயலிழந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. எம்.ஆர்.ஐ. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அடிபட்ட இடத்தின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "டாக்டரம்மா, இந்த எடத்துல ஸ்டெம் செல் ஊசி போட்டா, அதுவே நரம்பா மாறிக்கும்னு சொல்றாங்க. நாலு லட்சம் கேக்கறாங்க. அரை ஏக்கர் நெலத்துக்கு வெல பேசிட்டேன்."

அவருக்கு அன்று சொன்ன பதிலைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்லாக மாறும் திறனுள்ள செல்தான்; ஆனால் எந்தச் செல்லும் தானாகத் தண்டுவட நரம்பாக மாறிக்கொள்வதில்லை. தாயின் வயிற்றில்கூட அப்படி நடப்பதில்லை.

கருவுற்று ஏறத்தாழ 28 நாட்களில், பின்னர் மூளையும் தண்டுவடமுமாக வளரப்போகும் நரம்புக்குழல் மூடிக்கொள்கிறது. அப்போது கருவின் நீளம் ஓர் எள்ளைவிடச் சற்றே அதிகம். தாய்க்கு நாள் தள்ளிப்போய் இரண்டு வாரங்கள்தான் ஆகியிருக்கும். அந்தக் குழலின் உட்சுவரில் இருக்கும் முன்னோடிச் செல்கள் அனைத்திலும் ஒரே மரபணுத் தொகுதிதான் இருக்கிறது. அவற்றில் எது எதுவாகும் என்பதை முதலில் தீர்மானிப்பது, அது நிற்கும் இடம். குழலுக்கு அடியில் ஓடும் முதுகுநாண் என்ற தற்காலிகத் தண்டும், பின்னர் குழலின் அடித்தளச் செல்களும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அடுப்பை ஒட்டி உட்கார்ந்தவருக்குச் சூடு அதிகமாகவும் தள்ளி உட்கார்ந்தவருக்குக் குறைவாகவும் படுவதைப் போல, அடியில் உள்ள செல்களுக்கு இந்தப் புரதம் மிகுதியாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் கிடைக்கிறது. மேற்புறத்திலிருந்து பி.எம்.பி., வின்ட் என்ற வேறு புரதங்கள் இறங்கி வருகின்றன. எவ்வளவு கிடைத்தது, எவ்வளவு நேரம் கிடைத்தது என்ற இரண்டையும் பொறுத்து வெவ்வேறு மரபணுக்கள் விழித்தெழ, ஒரேமாதிரி இருந்த சுவர் மேலிருந்து கீழாகப் பதினொரு பட்டைகளாகப் பிரிகிறது.

கால்களை அசைக்கும் இயக்க நரம்புச் செல்கள், ஆலிக்-2 என்ற மரபணு இயங்கும் ஒரேயொரு பட்டையிலிருந்துதான் பிறக்கின்றன. இடத்தைப் போலவே காலமும் முக்கியம் என்பதற்கும் அந்தப் பட்டையே சான்று: முதலில் இயக்க நரம்புச் செல்களை உருவாக்குகிறது; பிறகு அதே பட்டை, நரம்பிழைகளுக்கு மயலின் என்ற கொழுப்பு உறை போடும் செல்களை உருவாக்கத் தொடங்குகிறது. இன்னொரு பட்டையிலோ, பக்கத்துப் பக்கத்துச் செல்கள் நாட்ச் என்ற புரதத்தின் வழியே ஒன்றையொன்று கட்டுப்படுத்திக்கொண்டு, ஒரு சாரார் தூண்டும் நரம்புகளாகவும் மறு சாரார் அடக்கும் நரம்புகளாகவும் பிரிகின்றன.

இது ஏட்டுக் கணக்கு அன்று. 1990களின் தொடக்கத்தில் கோழிக் கருவின் நரம்புக்குழல் பக்கவாட்டில் இரண்டாவதாக ஒரு முதுகுநாணை ஒட்டவைத்தபோது, வழக்கமாக இயக்க நரம்புகள் உருவாகாத அந்த இடத்திலும் அவை உருவாயின. 2002இல் தாமஸ் ஜெசலின் ஆய்வுக்குழு, எலியின் கருநிலை ஸ்டெம் செல்களுக்கு ரெட்டினாயிக் அமிலத்தையும், ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞையைத் தூண்டும் மருந்தையும் கொடுத்து இயக்க நரம்புச் செல்களாக மாற்றிக் காட்டியது. அவற்றைக் கோழிக் கருவின் தண்டுவடத்தில் வைத்தபோது தசைவரை இழை நீட்டின. கருவில் நடக்கும் வரிசையை அப்படியே பின்பற்றி, கருவுக்குள்ளேயே வைத்ததால் கிடைத்த வெற்றி அது.

அடிபட்ட இளைஞனின் முதுகில் அந்தச் சூழல் இல்லை. நாம் ஜவ்வு என்று சொல்லும் டிஸ்கின் நடுப்பகுதிதான் முதுகுநாண் விட்டுச்சென்ற மிச்சம். மேலிருந்தும் கீழிருந்தும் செல்களுக்கு வழி சொன்ன அந்த ஏற்பாடு எப்போதோ கலைந்துவிட்டது. காயத்தைச் சுற்றி வடுத்திசு இருக்கிறது. கருவில் சில மில்லிமீட்டர் தொலைவில் இருந்த தசை, வளர்ந்தவரின் பாதமானால் ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளி நிற்கிறது. மேலும், விளம்பரங்களில் வரும் ஊசிகளில் பெரும்பாலும் இருப்பவை எலும்பு மஜ்ஜையிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ எடுத்த செல்கள். எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் கொழுப்பாகவும் மாறுவதே அவற்றின் இயல்பு.

ஆராய்ச்சியை நான் குறைத்துப் பேசவில்லை. அது நடக்கத்தான் வேண்டும். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, இரத்த நோய்களுக்கான இரத்த ஸ்டெம் செல் மாற்று போன்ற ஏற்கப்பட்ட சிகிச்சைகளைத் தவிர மற்றவை முறையான ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆகவே யாராவது ஊசி போடலாம் என்று அழைத்தால், மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் அந்த ஆய்வின் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். எந்த வகைச் செல், எங்கிருந்து எடுத்தது என்று எழுத்தில் கேளுங்கள். ஆய்வு என்று சொல்லிக்கொண்டே பணமும் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

"அப்போ ஒண்ணுமே பண்ண முடியாதாம்மா?" என்றார் அவர். இந்த வேலூரில்தான், 1954இல் விபத்தில் தண்டுவடம் அடிபட்ட டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவத்துக்கென ஒரு துறையையே இங்கு உருவாக்கினார். அதைச் சொல்லிவிட்டு, தந்தையோடு வந்திருந்த மகனின் காலுறையைக் கழற்றினேன். வலது குதிகாலில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் சிவந்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தபோதும் அந்தச் சிவப்பு மறையவில்லை. உணர்ச்சி இல்லாத காலில் அது படுக்கைப்புண்ணின் முதல் அடையாளம். குதிகால் மெத்தையில் படாதவாறு கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைப்பதையும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதையும் அந்தத் தந்தைக்குச் செய்து காட்டினேன். எம்.ஆர்.ஐ. படத்தை உறைக்குள் வைத்துவிட்டு, தலையணையை வாங்கி அவரே ஒருமுறை வைத்துப் பார்த்தார்.